பேசாத மாமா

மயிலாப்பூரே விரலை நக்கும் வத்தக்குழம்பு ஒன்று இருந்தது. அதைக் கண்டுபிடித்தவன் நான்தான்.

சரி, பொய். மயிலாப்பூர் விரலை நக்காது, நாசூக்காக இலையை மடித்துவிட்டு எழுந்துவிடும். குழம்பை வைத்தவனும் நான் இல்லை. அந்த மெஸ்ஸின் பின்வாசலில் சுண்டைக்காய் மூட்டையை இறக்கி வைத்தவன் நான். அதையும் ஒரு தடவை சாக்கடையில் இறக்கினேன். என் சமையல் அனுபவம் அவ்வளவுதான்.

குழம்பை வைத்தவரை எல்லாரும் மாமா என்பார்கள். மாட வீதிக்குப் பின்னால் ஒரு சந்து, சந்தின் முடிவில் அந்த மெஸ். அடுப்படிக்கும் சாப்பிடும் கூடத்துக்கும் நடுவே பெரிய கம்பி ஜன்னல் ஒன்று உண்டு. அது மொதலாளியின் யோசனை. சாப்பிட வருகிறவர்கள் யார் கையால் சாப்பிடுகிறோம் என்று பார்த்துத் திருப்திப்பட வேண்டுமாம். ஜன்னலுக்குப் பின்னால் மாமா நிற்பார். நெற்றி நிறைய விபூதி, உச்சியில் குடுமி, தழையத் தழைய வெள்ளை வேட்டி, தோளில் மேல்துண்டு. தோளில் வேறு என்ன இருக்கிறது, என்ன இல்லை என்கிற கேள்வியை அந்தத் துண்டு பார்த்துக்கொண்டது.

உண்மையில் அவர் வங்காளி. கங்கை கடலில் போய் விழுகிற பக்கம் ஏதோ ஒரு ஊர். முதலில் இந்த மெஸ்ஸில் பாத்திரம் தேய்க்கத்தான் வந்தார். பழைய சமையல்காரர் அமெரிக்காவில் இருக்கும் மகளோடு போய்ச் செட்டிலாகிவிட்டார். மொதலாளி ஊரெல்லாம் ஆள் தேடினார். "நம்மவா எவன்டா இப்போ கரண்டி பிடிக்கறான்? எல்லாம் கம்ப்யூட்டர்னா பிடிக்கறான்!" என்று என்னிடம் புலம்புவார், ஏதோ என் பையன்கள்தான் கம்ப்யூட்டர் பக்கம் போய்விட்ட மாதிரி. தேடிக்கொண்டிருந்த நாட்களில் குழம்பு மட்டும் எப்படியோ பழைய ருசியிலேயே வந்துகொண்டிருந்தது. எட்டிப் பார்த்தால் பாத்திரம் தேய்க்கிறவர் கிண்டிக்கொண்டிருந்தார். மறுநாளே நெற்றியில் விபூதி ஏறிவிட்டது.

எனக்குக் கொஞ்சம் வயிற்றெரிச்சல்தான். நாங்கள் அடையாறு ஆற்றங்கரைக்காரர்கள். என் அப்பா காலத்திலிருந்து மயிலாப்பூருக்கு மூட்டை தூக்குகிறோம். சர்க்கார் எங்களை ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்து அடுக்கு வீடுகளில் கொண்டுபோய்ப் போட்ட பிறகும் விடியற்காலையில் லோடு ஆட்டோவை உருட்டிக்கொண்டு வந்துவிடுகிறேன். இத்தனை வருஷத்தில் அந்த அடுப்படிக்குள் நான் கால் வைத்ததில்லை. அவர் ஹௌராவில் ரயிலேறி நேராக உள்ளே போய்விட்டார். மொதலாளியிடம் ஒரு நாள் கேட்டேன்.

"ஏன் மொதலாளி, எனுக்கு ரெண்டு பட்டை போட்டா ஆவாதா?"

"உன் மூஞ்சியில பட்டை போட்டா ஸ்பீடு பிரேக்கர்னு நெனச்சு வண்டியெல்லாம் ஸ்லோ ஆயிடும்டா."

நியாயமான பேச்சு. அதற்குமேல் நான் கேட்கவில்லை.

அவருக்குத் தமிழ் கற்றுக் கொடுத்த வாத்தியார் நான். இது பொய் இல்லை. வந்த வினையே அதுதான். நான் படித்தது நாலாவது, அதிலும் மூணாவதை இரண்டு தடவை படித்துக் கெட்டியாக்கிக்கொண்டவன். மூட்டை இறக்கும்போது நான் பேசுவதை அவர் திருப்பிச் சொல்வார். "இன்னா நைனா", "நல்லா கீறியா", "குந்து". நல்ல காது அவருக்கு. ஒரு எழுத்துத் தப்பாது.

ஒரு மதியம் வீட்டுக்கார மாமி சாப்பிட வந்திருந்தார். மெஸ் நடக்கும் கட்டடம் அவருடையது. அதனால் அவர் இலைக்கு மட்டும் மொதலாளியே நின்று நெய் விடுவார். கணவர் காலமாகிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. பிள்ளைகள் இருவரும் அமெரிக்காவில். தனக்கு மட்டும் எதற்குச் சமைப்பது என்று தினமும் இங்கே வந்துவிடுவார். அன்று கை கழுவிவிட்டு ஜன்னலோரம் வந்து நின்றார்.

"மாமா, வத்தக்குழம்பு அமிர்தமா இருக்கே! எந்த ஊர் உங்களுக்கு?"

மாமா சந்தோஷத்தில் பல்லெல்லாம் தெரியச் சிரித்து, நான் கற்றுக் கொடுத்த தமிழை அள்ளி வைத்தார்.

"ஐய, இன்னா மாமி நீ! டெய்லி இப்டித்தான் கீது. நீ இன்னிக்குத்தான் ஒய்ங்கா துன்னுகிற!"

கூடத்தில் அப்பளம் நொறுங்கும் சத்தம் நின்றுபோனது. தயிர்ச் சாதம் வாய்க்குப் போகிற வழியில் அப்படியே நின்றது. மொதலாளி நெய்க் கிண்ணத்தோடு பின்வாசலுக்குப் பாய்ந்து வந்து என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார்.

"ஏன்டா, பெரியவாகிட்ட பேசற பேச்சாடா இது?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. இரண்டாவது அறைக்கு அவர் கையை ஓங்கியபோது புரிந்துவிட்டது.

"மன்ச்சிக்க மாமி, வாய் தவறிப் பூட்ச்சு" என்று கும்பிட்டேன்.

பின்வாசலில் நின்றவன் குரல் ஜன்னல் வழியாக எப்படி வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. மாமி என்னைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். "பரவால்லை" என்று செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அன்று சாயங்காலமே மாமாவுக்கு மௌன விரதம் விதிக்கப்பட்டது.

"எவ்ளோ நாளு மொதலாளி?" என்று அவர் கேட்டார்.

"கடை மூடற வரைக்கும்."

"ராவிக்கு மூடுவியே, அதுவரைக்குமா?"

"ஒரேயடியா என்னிக்கு மூடறேனோ, அதுவரைக்கும்."

ஜன்னலுக்கு மேலே ஒரு போர்டு வந்தது. 'சமையல் மாமா மௌன விரதம். பேச்சுக் கொடுக்க வேண்டாம்.' அவ்வளவுதான், சனங்கள் பிடித்துக்கொண்டார்கள். நல்ல சமையல்காரர் என்றால் சாப்பிட்டுவிட்டுப் போவார்கள், பேசாத சமையல்காரர் என்றால் நின்று கும்பிடுவார்கள் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். ஒருத்தர், மாமா இமயமலையில் இருந்துவிட்டு வந்தவர் என்றார். இன்னொருத்தர், அவர் குழந்தையிலிருந்தே பேசுவதில்லை என்று சத்தியம் செய்தார். பரீட்சைக்குப் போகிற பிள்ளைகளைக் கூட்டிவந்து ஹால் டிக்கெட்டை ஜன்னலில் நீட்டினார்கள். ஒரு பெரியவர் பின்பக்கமாக வந்து காலில் விழுந்தார். மாமா பதறித் துள்ளிப் பின்னால் இருந்த சுண்டல் அண்டாவில் உட்கார்ந்துவிட்டார். "என்ன அடக்கம்!" என்றார்கள். அவருக்கு வெந்துபோனது வெளியே சொல்ல முடியாத இடம். சொல்லக்கூடிய இடமாக இருந்தாலும் அவர் சொல்லியிருக்க முடியாது.

ஊரில் அவருக்கு இருந்தது ஒரே தங்கச்சி. அம்மா செத்த பிறகு இவர்தான் அவளை இடுப்பில் வைத்து வளர்த்தாராம். மதிய நேரத்தில் அவள் போன் பண்ணுவாள். ஒயரைக் காதில் செருகிக் குடுமியைத் தளர்த்தி மறைத்துக்கொள்வார். அவள் பேசுவாள், இவர் கரண்டியால் அண்டா விளிம்பில் பதில் சொல்வார். ஒரு தட்டு என்றால் ஆமாம். இரண்டு தட்டு என்றால் இல்லை. சாப்பிட்டாயா? டங். உடம்பு நல்லா இருக்கா? டங். ஊருக்கு வருகிறாயா? டங் டங்.

கூடத்தில் சங்கீதம் தெரிந்த ஒருவர் தொடையில் தாளம் போட்டுக்கொண்டே கேட்பார். ஒரு நாள் தட்டு விடாமல் வந்துகொண்டிருந்தது. "என்னமா லயம் விளையாடறது பாருங்கோ!" என்று அவர் பக்கத்து இலைக்காரரிடம் சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டார். அன்றைக்கு அந்தத் தங்கச்சி வருவியா, வருவியா என்று அழுதுகொண்டே கேட்டிருக்கிறாள்.

கடை அடைத்ததும் மொதலாளி வெளிக் கேட்டைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போய்விடுவார். மாமா உள்ளே பரண்மேல் படுத்துக்கொள்வார். "அவர் சேஃப்டிக்குத்தான்" என்பார் மொதலாளி. மொதலாளி கெட்டவர் இல்லை. அவருக்கும் பயம். ஜன்னல் காலியானால் கூடம் காலியாகும், கூடம் காலியானால் வாடகை நிற்கும், வாடகை நின்றால் மாமி கட்டடத்தை யாராவது பிட்ஸாக்காரனுக்கு விட்டுவிடுவார் என்று தூக்கத்தில்கூடப் புலம்புகிற ஆள். பூட்டுக்கு வெளியே இருந்தார் என்பதற்காக அவரைச் சுதந்திரமான மனுஷர் என்று சொல்ல முடியாது.

மாமாவுக்கு வாய் திறந்த இடம் என் லோடு ஆட்டோதான். சாப்பாட்டுக்கும் சாயங்கால டிபனுக்கும் நடுவே இலைக்கட்டு எடுக்க என்னோடு வருவார். பட்டினப்பாக்கம் கடற்கரையில் வண்டியை ஓரங்கட்டித் தார்ப்பாயை இறக்கிவிடுவேன். என் பெண்டாட்டி அந்தக் குப்பத்தில் பிறந்தவள். அவள் கட்டிக்கொடுத்த மீன் வறுவலைத் திறந்ததும் மாமாவின் விரதம் உடையும். அடைத்த குழாய் பிய்த்துக்கொண்ட மாதிரி பேசுவார். நடுநடுவே சாப்பாட்டையும் குறை சொல்வார்.

"நைனா, கடல் மீன் மீனே இல்ல. உப்புல பொறந்து உப்புல சாவுது. எங்கூரு ஆத்து மீன் துன்னு பாரு, முள்ளு கூட இனிக்கும்."

இதை நான் வீட்டில் போய்ச் சொன்னால் அவள் கரண்டியை எடுப்பாள். "கடல்காரி கையால துன்னுட்டு கடலைத் திட்றாரா? ஆத்து மீனுக்கு ஆத்தாண்டயே போவச் சொல்லு அந்தாள!" மறுநாள் மீன் துண்டு இன்னும் பெரிதாக இருக்கும்.

சாப்பிட்டதும் புளியால் வாயைத் தேய்ப்பார். காப்பித்தூளைக் கையில் கொட்டி நகக்கண் வரைக்கும் தேய்ப்பார். அப்புறம் என் மூக்குக்கு நேரே கையை நீட்டி, "வருதா?" என்பார். "வர்ல" என்று நான் சொன்ன பிறகுதான் வண்டியை எடுக்க விடுவார். அந்த ஒரு வார்த்தையில் அவர் பிழைப்பே இருந்தது. எனக்கோ ஜலதோஷம் வராத நாள் கிடையாது.

அந்தத் தங்கச்சிக்கு ஆண் குழந்தை பிறந்தது.

அவர்கள் ஊரில் பையன்களுக்கு ஆறாவது மாதத்திலோ எட்டாவது மாதத்திலோ முதல் சோறு ஊட்டுவார்களாம். பாயசம், சாதம், ஒரு முழு மீன் எல்லாம் வைத்து, குழந்தையை மடியில் உட்காரவைத்துத் தாய்மாமன் ஊட்ட வேண்டும். அவர்கள் பாஷையிலும் மாமாவுக்கு மாமா என்றுதான் பெயர்.

"இங்க கீறவன்லாம் என்ன மாமா மாமான்றான், நைனா" என்று ஒரு நாள் தார்ப்பாய்க்குள் உட்கார்ந்து சொன்னார். "ஒருத்தனும் எனுக்கு மருமவன் இல்ல. ஒரே ஒரு மருமவன் பொறந்துகிறான். அவனுக்கு மாமா இல்ல."

நான் அதற்கு ஏதோ ஜோக் அடித்தேன். என்ன ஜோக் என்று நினைவில்லை. அவர் சிரிக்காததுதான் நினைவிருக்கிறது.

ஆறாவது மாதம் மார்கழியில் வந்தது. மொதலாளி சபா கேன்டீன் எடுத்திருந்தார். "மார்கழியில நீ போனா நான் தலையில துண்டைப் போட்டுண்டு உக்கார வேண்டியதுதான்" என்றார். எட்டாவது மாதத்துக்கு மாமா முன்கூட்டியே போய் லீவு கேட்டு நின்றார். நானும் கூட நின்றேன். பின்வாசலில்தான்.

"ஒரு வாரம் ஜன்னல் காலியா இருந்தா கேப்பாளே! நான் என்னத்தைச் சொல்றது? மௌனச்சாமி தங்கை ஆத்துக்கு மீன் சாப்பிடப் போயிருக்கார்னா?"

என் தலையில் அறிவென்று இருந்ததெல்லாம் அன்றைக்கு ஒரேயடியாக வேலை செய்தது.

"காசிக்குப் போய்க்கீறார்னு சொல்லு மொதலாளி. சாமியார்னா காசிக்குப் போவாம பாண்டிச்சேரிக்கா போவாரு?"

மொதலாளி என்னை முதல் தடவையாக மனுஷனைப் பார்ப்பது மாதிரி பார்த்தார். மாமா என் இரண்டு கன்னத்தையும் பிடித்துக் கிள்ளினார். மறுநாள் மதியம் கூடத்தில் அறிவிப்பு செய்தாயிற்று. மாமா காசி யாத்திரை போகிறார், ஒரு வாரம் மெஸ் விடுமுறை. எல்லோரும் ஆஹா என்றார்கள். வீட்டுக்கார மாமி பாதிச் சாப்பாட்டில் எழுந்து ஜன்னலுக்கு வந்துவிட்டார்.

"காசிக்கா? நானும் வரேன்."

மொதலாளி கையிலிருந்த ரசக் கரண்டி சாய்ந்து ஒருவர் மோருக்குள் ஊற்றியது.

"ஆத்துக்காரர் அஸ்தி இன்னும் பூஜை ரூம் ஷெல்ஃபிலயே இருக்கு" என்றார் மாமி. "காரியம் முடிஞ்ச கையோட பசங்க ஃப்ளைட் ஏறிட்டா. அடுத்த லீவுல காசிக்குப் போலாம்மான்னா. இன்னும் லீவு வரலை. தெனம் விளக்கேத்தறச்சே அவர் என்னையே பாத்துண்டிருக்கற மாதிரி இருக்கு. மாமா துணை இருந்தா நான் போயிட்டு வந்துடுவேன். அழைச்சுண்டு போறேளா?"

மாமா என்ன செய்வார்? கரண்டியை எடுத்து அண்டாவில் தட்டினார். டங் டங்.

மாமி இரண்டு கையையும் கூப்பினார். "ரெண்டு தடவை சரின்னுட்டார்!"

கூடமே கைதட்டியது.

சென்ட்ரலுக்கு மாமி டாக்ஸியில் வந்தார். மாமாவும் மூட்டையும் என் வண்டியில். போகிற வழியெல்லாம் மாமா ஒத்திகை பார்த்தார். மாமியிடம் உண்மையைச் சொல்லிவிட்டு ஹௌரா வண்டியில் ஏறிவிடுவது என்று முடிவு பண்ணியிருந்தார். மாமிக்குப் புரிகிற தமிழில் சொல்ல வேண்டும் என்று என்னைப் பிடித்துக்கொண்டார். எனக்கு அந்தத் தமிழ் தெரியுமா? பின்வாசலில் காதில் விழுந்ததை வைத்துப் பாடம் நடத்தினேன்.

"சொல்லு, 'மாமி, நேக்கு ஊருக்குப் போணும்.'"

"நேக்குன்னா இன்னா?"

"எனுக்கு."

"அப்ப எனுக்குன்னே சொல்லிக்கிறனே?"

"யோவ், அது நம்ப தமிழுய்யா. அவங்களாண்ட நேக்குதான் செல்லும்."

பிளாட்பாரத்தில் மாமி அஸ்திச் சொம்பைப் பட்டுத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மாமா முன்னால் போய் நின்றார். வாயைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார்.

"மாமி, நேக்கு... எனுக்கு ஊருக்குப் போவணும். காசி என் ஊரு இல்ல. தங்கச்சி புள்ளைக்கு மொதோ சோறு ஊட்டணும். நான் பெங்காலி மாமி. மீனு துன்றவன்."

மாமி திடுக்கிடவில்லை. யாராவது கேட்டுவிட்டார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டார்.

"தெரியும். அன்னிக்கே தெரியும்."

"அப்பால ஏன் மாமி கேக்கல?" என்று நான் நடுவில் புகுந்தேன்.

"கேட்டுட்டா அப்பறம் எப்படிடாப்பா சாப்பிடறது?"

கோபமில்லை, கிண்டலில்லை. மழை வருமா என்று கேட்டால் சொல்வார்களே, அந்த மாதிரி சொன்னார். பிறகு மாமாவிடம் திரும்பினார். "இதைக் கரைச்சதும் நீங்க உங்க ஊர் வண்டியைப் பிடிங்கோ. நானே ஏத்தி விடறேன். குழந்தை காரியத்துக்கு நாள் இருக்கு, போய்ச் சேந்துடலாம். நான் எப்படியாவது திரும்பி வந்துக்கறேன். அதுவரைக்கும் ஒண்ணே ஒண்ணு, பேசாதீங்கோ. வழியெல்லாம் உங்க கையாலதான் நான் சாப்பிட்டாகணும்."

மாமா கணக்குப் போட்டார். நாள் சரியாகத்தான் வந்தது. தலையாட்டினார். புளியோதரைத் தூக்கை நான் ஏற்றிவிட்டேன். வண்டி நகரும்போது ஜன்னல் கம்பிக்குப் பின்னால் அவர் முகம் பளிச்சென்று இருந்தது. மருமகனுக்கு என்று வாங்கியிருந்த கிலுகிலுப்பையைத் துண்டுக்கடியிலிருந்து எடுத்து எனக்கு ஆட்டிக் காட்டினார்.

இரண்டு பேருமே திரும்பி வந்தார்கள். இரண்டு பேரும் ஒன்றாக.

மாமாவின் தலை மொட்டை. குடுமி இல்லை, மீசை இல்லை, புருவம் மட்டும் தனியாக நின்றது. நான் அவரைக் கேட்டேன். அவர் உள்ளே போய்விட்டார். மாமியைக் கேட்டேன். மாமி மெஸ் வாசல் படியில் உட்கார்ந்து சொன்னார். கூடத்தில் சொன்ன கதை வேறு. இது எனக்குச் சொன்னது.

"படித்துறையில வாத்தியார் கேட்டார், பிள்ளைதானேன்னு. இவர் என்னைப் பாத்தார். வாக்குக் குடுத்திருக்காரோன்னோ, பேசலை. நான் சொல்லியிருக்கணும்." புடவைத் தலைப்பை விரலில் சுற்றினார். "நானும் பேசலைடாப்பா. பெத்ததுகள் வராத எடத்துல ஒருத்தர் நிக்கறாரே, நின்னுட்டுப் போகட்டுமேன்னு இருந்துட்டேன். நாவிதர் அங்கேயே உக்காந்திருந்தார். அஞ்சு நிமிஷத்துல எல்லாம் ஆயிடுத்து. என் ஆத்துக்காரரைக் கரைச்சது இவர் கைதான்."

"அப்பால ஊருக்குப் போவலியா மாமி?"

"சாயங்காலம் தங்கைக்கு வீடியோ போட்டார். அவ மாமியார் எட்டிப் பாத்தா. பாஷை நேக்குப் புரியலை. மொட்டையைப் பாத்துட்டு, யாரு போனான்னு கேட்டிருப்பா. அந்தப் பொம்மனாட்டி புடவையால கொழந்தை மூஞ்சியை மூடிண்டா பாரு, அது புரிஞ்சுது. காரியம் பண்ணினவா ஒரு வருஷம் சுபத்துல நிக்கப்படாது. அவாளுக்கும் அப்படித்தான் போலருக்கு. தங்கை அழுதா. இவர் செவுத்துல ரெண்டு தட்டுத் தட்டினார். எதுக்குத் தட்டினார்னு தெரியலை."

எனக்குத் தெரியும். நான் சொல்லவில்லை.

குழந்தைக்கு அப்பாவின் தம்பி ஊட்டினானாம். நன்றாகச் சாப்பிட்டதாம்.

மாமி மாமாவைப் பரணில் படுக்க விடவில்லை. தன் பெரிய பிள்ளையின் அறையைத் திறந்து கொடுத்தார். ஏ.சி. இருக்கிற அறை. பூட்டு இல்லை, சாவி இல்லை. சாயங்காலங்களில் பக்கத்தில் உட்காரவைத்து, எப்படிப் பேச வேண்டும் என்று பேச்சுக் கற்றுக் கொடுத்தார். நல்ல காது என்று சொன்னேனே. கொஞ்ச நாளில் மொதலாளி போர்டைக் கழற்றிவிட்டார். காசியில் விரதம் பூர்த்தியாகிவிட்டதாம். மாமா ஜன்னல் வழியாகப் பேச ஆரம்பித்தார். "வாங்கோ, உக்காருங்கோ, ரசம் இன்னும் சித்த விடட்டுமா?" கூடம் மெய்மறந்து கேட்டது. எனக்கு மட்டும் அந்தக் குரல் யாரோ வாங்கிக் கொடுத்த சட்டை மாதிரி இருந்தது. அளவெல்லாம் கச்சிதம்தான்.

என்னோடு இலை எடுக்க வருவது நின்றுபோனது. ஒரு நாள் கெஞ்சிக் கூத்தாடி வண்டியில் ஏற்றிவிட்டேன். என் பெண்டாட்டி அன்றைக்கு ஒரு காரியம் பண்ணியிருந்தாள். கடல்காரி, பிறந்ததிலிருந்து ஆத்து மீனைக் கையால் தொடாதவள், மார்க்கெட்டில் தேடிப் பிடித்து ரோகு வாங்கி, கடுகு அரைத்து, யாரிடமோ பக்குவம் கேட்டு அவருக்காகக் குழம்பு வைத்திருந்தாள். தார்ப்பாயை இறக்கி டப்பாவைத் திறந்தேன். ஆவி பறந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டு இருந்தார்.

"ஆத்துல..." என்று ஆரம்பித்தார்.

அப்பாடா, ஆத்து மீன் பாட்டை எடுத்துவிட்டார், இனி ஓயாது என்று நான் வசதியாகச் சாய்ந்து உட்கார்ந்தேன்.

"ஆத்துல அம்மா காத்துண்டிருப்பா. ஒரு வருஷம் நான் இதெல்லாம் தொடப்படாது. நீ சாப்டு."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். இப்படி ஒரு நடிப்பை நான் பார்த்ததே இல்லை. அவரும் சிரிப்பார் என்று காத்திருந்தேன். அவர் டப்பாவை மூடினார். சத்தம் வராமல், பதவிசாக மூடினார்.

"யோவ், டபாய்க்காதய்யா. இங்க நீயும் நானும்தான் கீறோம். எவன் கேக்கப் போறான்?"

டப்பாவை என் பக்கம் தள்ளி வைத்தார். அவர் ஊர்ப் பெயரைச் சொன்னேன். தங்கச்சி பெயரைச் சொன்னேன். கடல் மீன் நாறுது, வந்து திட்டு என்றேன். கடைசியில், அவருடைய அம்மா அவருக்கு வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். அதற்கு அவர் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்து—

"ஏன்டாப்பா! எலைக்கட்டு வெயில்ல வாடிண்டிருக்கு, அங்க யாரோட அரட்டை? சித்த இங்க வாயேன்!"

மாமாதான் இப்போது ஜன்னலிலிருந்து கூப்பிடுகிறார். போகணும்.